கட்டிலின் இடப்பக்கம்

அன்று காலை என் கணவர் சட்டையின் வலது கையை மட்டும் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கன்னம் வழுவழுவென்று மழிக்கப்பட்டிருக்க, இடது கன்னத்தில் சவர்க்கார நுரை காய்ந்து போயிருந்தது. சுவரைப் பார்த்து "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தவர், கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். இடித்ததே தெரியாதவர் போல மேலே நடந்தார்.

நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் சரியான பேச்சில்லை. 1983 ஆடிக் கலவரம் முடிந்து அடுத்த வருடம் அது. என் அண்ணன்மார் இருவரும் இந்தியப் பாஸ்போட் எடுத்துக்கொண்டு கோத்தகிரிப் பக்கம் போய்விட்டார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஓடும்போதே நாமும் போய்விடுவோம் என்பது என் கட்சி. எல்கடுவயில் பிறந்தவன் எல்கடுவயில்தான் இருப்பேன் என்பது அவர் கட்சி. மாத்தளை டவுனில் தமிழர் கடைகள் எரிந்த புகையை எங்கள் மலையிலிருந்து இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அதற்குப் பிறகும் அவர் அசையவில்லை.

அவர் பெயர் மாணிக்கம். தோட்டத்து டீமேக்கர், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சண்டை வந்தால் நடுவில் நின்று சமாதானம் பேச வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது.

"கூத்துக் காட்ட வேற நேரம் கிடைக்கலியா?" என்று கேட்டேன். அவர் திரும்பவில்லை. படியில் இடது கால் மடங்கி, நான் வைத்திருந்த செவ்வந்திப் பாத்தியில் விழுந்தார். எழுந்திருக்க முயன்றுகொண்டே "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். ஓடிப்போய்த் தூக்கியபோதுதான் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததைப் பார்த்தேன்.

இதே நோயோடு போராடும் வீட்டுக்காரர்கள் இதை வாசிக்கலாம் என்பதால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எப்போதும் வலியோடு வருவதில்லை. ஒரு வேடிக்கை போலவும் வரும். வீட்டில் ஒருவர் திடீரென்று அரைகுறையாக உடுத்துவதையோ ஒரு பக்கமே இடித்துக்கொள்வதையோ கண்டால், கோபப்படுவதைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் வாகனம் பிடியுங்கள்.

எங்களுக்குத் தோட்டத்து லொறி கிடைத்தது. மாத்தளையில் முதலில் பார்த்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் மலைநாட்டில் உள்ள ஒரு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். அடைப்பு மூளையின் வலது பாதியில், ஆகவே பாதிப்பு உடம்பின் இடது பாதியில். உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று. பேச்சு நன்றாக இருந்தது. நினைவு நன்றாக இருந்தது. அது பெரிய அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன்.

போதனா வைத்தியசாலை என்பது மருத்துவ மாணவர்கள் படிக்கும் இடம். காலையில் பேராசிரியர் வருவார். அவருக்குப் பின்னால் டொக்டர்மார், அவர்களுக்குப் பின்னால் மாணவர்கள், எல்லோருக்கும் பின்னால் தாதி. கட்டிலின் வலது பக்கம் அவர்களுக்கு உரியது. நோயாளியை வலது பக்கம் நின்றே பரிசோதிக்க வேண்டும் என்று முதல் வருடத்திலேயே கற்றுக்கொடுக்கிறார்களாம். சொந்தக்காரர்களுக்கு இடது பக்கம், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு ஸ்டூல் போடப்பட்டிருக்கும். அதை நகர்த்தினால் வாட்டு (நோயாளிகள் படுத்திருக்கும் கூடம்) உதவியாளர் சத்தம் போடுவார்.

பாடசாலையில் விடுப்புப் போட்டுவிட்டு அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை.

இதைச் சரியாக விளக்க வேண்டும். அவருடைய முகம் எப்போதும் வலது பக்கம் திரும்பியே இருந்தது. நான் பேசினால் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் எனக்கு வராது. "தண்ணி வேணுங்களா?" என்று கேட்பேன். அவர் வலது பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தம்புள்ளைக்காரரைப் பார்த்து, "கொஞ்சமா குடுங்க" என்பார். வீட்டிலிருந்து சோறு கொண்டுபோனால் தட்டின் வலது பக்கம் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு, கறி வைக்கவில்லையா என்று முறையிடுவார். இடது பக்கம் கத்தரிக்காய்க் கறி அப்படியே இருக்கும். நான் செய்த கறி என்பதால் தொடவில்லை என்று நினைத்தேன்.

இதே மனிதர், டொக்டர்மார் வந்தால் மலர்ந்துவிடுவார். பேராசிரியர் கேட்கும் கேள்விகளுக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கணீரென்று பதில் சொல்வார். ஜனாதிபதி பெயர், கிழமை, தோட்டத்தில் எவ்வளவு கொழுந்து, எல்லாம் சரி. பேராசிரியர் என்னைப் பார்த்து, உங்கள் கணவர் நல்ல உஷார் என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவருடைய அக்கா பாக்கியம் வந்தாலும் அப்படித்தான். மதினி யட்டவத்தயில் பலசரக்குக் கடைக்காரரின் மனைவி. கனத்த உடம்பு. நான் ஸ்டூலில் இருப்பதால், உதவியாளரின் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கட்டிலின் வலது ஓரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவார். சோற்றைப் பிசைந்து உருட்டி ஊட்டுவார். தம்பியும் அக்காவும் சிரித்துப் பேசுவார்கள். ஒரு கை தூரத்தில் நான் இருப்பேன்.

பிறகு வந்த நாட்களில் பலர் என்னிடம் கேட்டார்கள்: நீங்கள் எழுந்து அந்தப் பக்கம் போயிருக்கலாமே? போயிருக்கலாம். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டவரின் முன்னால் போய் நின்று, என்னைப் பாருங்கள் என்று கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை. இந்தியாவுக்குப் போவோம் என்று பிடிவாதம் பிடித்ததற்குத் தண்டனை தருகிறார் என்று நினைத்தேன். தண்டனையாக இருந்தால் வாங்கிக்கொள்வேன், கெஞ்ச மாட்டேன். உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது வாரம் மதினி என்னை வாட்டுக்கு வெளியே, வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"வசந்தா, தம்பிய நான் யட்டவத்தைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். உம்மேல என்ன கோவமோ எனக்குத் தெரியாது. உன்னப் பாத்தாலே வாயத் தொறக்க மாட்டேங்குறான். எங்கிட்ட இருந்தா நாலு வாய் சாப்பிடுவான்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. கண்ணால் பார்த்ததைச் சொன்னார். நான் சரி என்றேன். அன்று பஸ்ஸில் வத்தேகம வழியாக எல்கடுவைக்கு ஏறும்போது கணக்குப் போட்டேன். அவர் யட்டவத்தயில், நான் தோட்டத்தில். டீமேக்கர் வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். பிறகு எனக்கு இங்கே என்ன? அண்ணன்மார் இருக்கும் இடத்துக்குக் கப்பல் ஏறுவது ஒன்றுதான் மிச்சம். நான் கேட்டதே கிடைக்கப்போகிறது. அதை நினைத்து அழுதேன். பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மா எனக்குச் செத்த வீடு என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் முன், வேலைக்குத் திரும்பலாமா என்று தோட்டத்துக்குச் சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியர். ஞாபகத்தையும் யோசனையையும் சோதித்துப் பார்க்க மருத்துவ பீடத்திலிருந்து ஒருவர் வருவார் என்றார். மறுநாள் வந்தவர் ஒரு பெண். பருத்திச் சேலை, கையில் ஒரு துணிப்பை. டொக்டர்மார் அணியும் வெள்ளைக் கோட்டு இல்லை, கழுத்தில் குழாயும் இல்லை.

அவர் பெயர் வதனி. யாழ்ப்பாணத்துக்காரர். உளவியலில் கலாநிதிப் பட்டம், அதாவது பிஎச்.டி., வாங்கியவர். ஆனால் வாட்டில் "டொக்டர்" என்ற சொல் மற்றவர்களுக்கானது. தாதிமாரும் மாணவர்களும் அவரை "மிஸ்" என்றார்கள், நானும் மிஸ் என்றே பழகிவிட்டேன். அவருக்கு அங்கே அறை கிடையாது. படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையின் ஒரு மூலையில் மேசை போட்டுக்கொடுத்திருந்தார்கள். இவர் மனநோய்க்காரர்களைப் பார்ப்பவர் என்று தாதி என் காதில் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. "அவருக்கு ஒண்ணும் பைத்தியம் இல்லீங்க மிஸ்" என்றேன்.

"பைத்தியம் எண்டு ஆர் சொன்னது, ரீச்சர்?" என்றார். "நான் கொஞ்ச நேரம் இவரோட கதைக்கப் போறன். நீங்களும் இருங்கோ. நீங்கள் எனக்கு வேணும்."

உளவியலாளர் (மனதும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று சோதித்து, அதற்கேற்பப் பயிற்சி கொடுப்பவர்) என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். அவர் நாடி பார்க்கவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்தார். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். எல்லாக் கோட்டையும் ஒவ்வொன்றாகக் குறுக்குக் கோடு போட்டு வெட்டச் சொன்னார். என் கணவர் மளமளவென்று வெட்டி, முடிந்தது என்றார். தாளின் வலது பாதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. மணிக்கூடு ஒன்று வரையச் சொன்னார். வட்டம் சரியாக வந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா இலக்கமும் வலது பக்கத்தில் நெருக்கியடித்து நின்றன. அவர் அதைத் திருப்தியோடு நீட்டினார்.

கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன். மிஸ் தாளை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பற்றி விசாரித்தார். தொழிற்சாலை என்றதும் என் கணவர் நிமிர்ந்தார்.

"நீங்கள் இப்ப ஃபெக்டரி முன்வாசல்ல உள்ளுக்குப் பாத்து நிக்கிறீங்கள் எண்டு வையுங்கோ. என்னென்ன தெரியுது, ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ" என்றார் மிஸ்.

அவர் சொன்னார். கொழுந்தை உருட்டும் ரோலர்களை ஒவ்வொன்றாக, எது சத்தம் போடும், எதற்கு எப்போது எண்ணெய் விட வேண்டும் என்பது வரை சொன்னார். அதற்கு அப்பால் உருட்டிய இலையைப் பரப்பும் மேசை. அதற்கு அப்பால் மேல்மாடிக்கு ஏறும் படி. பாடம் ஒப்புவிப்பதைப் போல முடித்தார்.

மிஸ் என்னிடம் திரும்பினார். "ரீச்சர், எல்லாத்தையும் சொல்லிப்போட்டாரோ?"

அந்தக் கட்டடம் எனக்கும் பாடம். கொழுந்து குவியும் மாதங்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சாப்பிடும் வரை அங்கேயே நின்றிருக்கிறேன். அவர் சொன்னதில் குறை இருந்தது.

"ட்ரையர விட்டுட்டாரு மிஸ்" என்றேன். தேயிலையைக் காயவைக்கும் அந்தப் பெரிய இயந்திரத்தை, என்னைக் கவனிப்பதைவிட நன்றாக அவர் கவனித்துக்கொள்வார் என்று நான் குத்திக்காட்டுவது உண்டு. அதையா மறப்பார்? "அவரு ஆபீஸ் அறையையும் சொல்லல. சலிக்கிற பொம்பளைங்களையும் காணோம்."

"அதெல்லாம் எந்தப் பக்கம்?"

"உள்ள போனா இடது கைப் பக்கம்."

மிஸ் தலையசைத்துவிட்டு அவரிடம் குனிந்தார். "ஐயா, இப்ப பின்பக்கம் போங்கோ. விறகு அடுக்கிற வாசல்ல நிண்டு, முன்வாசலைப் பாருங்கோ. இப்ப என்ன தெரியுது?"

அவர் உடனே ட்ரையரைச் சொன்னார். அதன் சூடு முகத்தில் அடிப்பதைச் சொன்னார். ஆபீஸ் அறை, அதில் தொங்கும் கலண்டர், சலிக்கும் பெண்கள், அவர்களில் யார் யாரோடு பேசமாட்டாள் என்பது எல்லாம் சொன்னார். ரோலர் ஒன்றுகூட இல்லை. சற்று முன் எண்ணெய்க் கணக்கோடு சொன்னவை அந்தக் கட்டடத்தை விட்டே போயிருந்தன. விட்டுப்போனது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. முகத்தில் சந்தேகமே இல்லை.

மறதி என்றால் இரண்டு முறையும் ஒன்றையே மறந்திருக்க வேண்டும். இவருக்கு எங்கே நின்றாலும் இடது கைப் பக்கம் போய்விடுகிறது. மனதுக்குள் நின்று பார்த்தாலும் போய்விடுகிறது. நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் குனிந்து பார்த்தேன்.

"ரீச்சர், ஒருக்கா எழும்பி இந்தப் பக்கம் வாங்கோ" என்றார் மிஸ்.

கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். வலது பக்கம் போய் நின்றேன். என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எப்ப வந்த?" என்றார்.

"காலையில இருந்து இங்கதாங்க இருக்கேன்" என்றேன்.

"கோவத்துல நீ இந்தியாவுக்கே போயிட்டேன்னு நெனச்சேன். அக்காகிட்ட கேக்க வாய் வரல."

என் குரல் அவருக்குக் கேட்டிருக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் யாரோ பேசுவதாக, சில நேரம் அக்காவே பேசுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வாரம் அவர் என்னைக் கைவிட்டதாக நானும், நான் அவரைக் கைவிட்டதாக அவரும் நினைத்துக்கொண்டு ஒரே கட்டிலடியில் இருந்திருக்கிறோம். நான் அழுதேன். மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு விரிப்பு அறையில் வைத்து விளக்கினார். இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு (கண்ணும் காதும் நன்றாக இருந்தும், மூளை ஒரு பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவது) என்று பெயர். அவர் திரும்ப மறுக்கவில்லை. திரும்புவதற்கு அந்தப் பக்கத்தில் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. சட்டைக் கை, கன்னம், கத்தரிக்காய்க் கறி, நான், எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தோம்.

அப்படியென்றால் இனி வலது பக்கமே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னேன். மிஸ் விடவில்லை.

"இண்டைக்கு மட்டும் இருங்கோ. நாளையில இருந்து இடது பக்கம்தான். அவருக்குத் தேவையான ஆள் அந்தப் பக்கத்தில இருந்தாத்தான் அவர் தேடுவார். தேடித் தேடித்தான் அந்தப் பக்கம் பழகும்."

இதுதான் வைத்தியம். கேட்கச் சுலபம். கிடைத்த முகத்தைத் திரும்ப விட்டுக்கொடுத்துவிட்டு, தெரியாத பக்கத்தில் போய் உட்கார வேண்டும். கட்டிலின் இடது சட்டத்தில் மிஸ் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினார். எதைச் செய்யும் முன்பும் அந்தச் சிவப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் பிறகே சாப்பாடு, பேப்பர், பேச்சு. நாடாவிலிருந்து என் கை, என் கையிலிருந்து முகம். நான் கூப்பிட வேண்டும், அவர் வரும் வரை விடாமல் கூப்பிட வேண்டும்.

கூப்பிடுவதில்தான் சிக்கல் வந்தது. "என்னங்க" என்று கூப்பிட்டேன். அந்த வாட்டில் இருந்த தமிழ் மனைவிமார் எல்லோரும் "என்னங்க" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் மூளை அதைப் பொதுச் சத்தமாகத் தள்ளிவிட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், சொந்தப் பெயருக்கு மனிதர் எந்த நிலையிலும் திரும்புவார் என்றார் மிஸ். கலியாணம் ஆன நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பாடசாலையில் மாணிக்கம் என்று ஒரு பையன் இருந்தான், அவனைக்கூட அவன் அப்பன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். இரண்டு நாள் நழுவினேன். மூன்றாவது நாள் மதினி கட்டிலில் இருக்கும்போதே, கண்ணை மூடிக்கொண்டு, "மாணிக்கம்" என்றேன்.

வாட்டே திரும்பியது. மதினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். என் கணவரின் தலை வலது பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து, நடுவில் நின்று, தடுமாறி, சிவப்பு நாடாவைத் தொட்டு, என்னிடம் வந்தது.

"யாரு அது, பேர் சொல்லிக் கூப்பிடுறது?" என்றார்.

மதினி அன்று யட்டவத்தைக்குப் போய் ஊரெல்லாம் சொன்னார். ஆனால் தம்பியைக் கூட்டிப்போகும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது அவரே ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, இடது பக்கத்திலிருந்து ஊட்டினார்.

பேராசிரியரின் அடுத்த சுற்று வந்தது. மிஸ் வழக்கம்போல மாணவர்களுக்கும் பின்னால் நின்றார். பேராசிரியர் வலது பக்கம் நின்று நலம் கேட்டார், என் கணவர் பிரமாதமாகப் பதில் சொன்னார். அப்போது இளைய டொக்டர் ஒருவர் தயங்கித் தயங்கி மிஸ்ஸின் சோதனையைப் பற்றிச் சொன்னார். பேராசிரியர் கூட்டத்துக்குள் தேடி அவரை முன்னால் அழைத்தார். மிஸ் ஆங்கிலத்தில் பணிவாக, சேர் என்று அழைத்து, ஒரு முறை இந்தப் பக்கம் வந்து கேட்டுப் பார்க்க முடியுமா என்றார்.

நான் எழுந்து ஸ்டூலை உள்ளே தள்ளி இடம் விட்டேன். பேராசிரியர் சுற்றி வந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். என் கணவர் வலது பக்கம் நின்ற ஒரு மாணவியைப் பார்த்து, நன்றாக இருக்கிறேன் மிஸ் என்று பதில் சொன்னார். பேராசிரியர், தான் இத்தனை வருடத்தில் ஒரு கட்டிலின் இந்தப் பக்கம் நின்று பார்த்ததில்லை என்று மாணவர்களிடம் சொன்னார். மிஸ்ஸைத் தன் இடத்துக்கு வரச் சொல்லி, இனி இதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்று விலகி நின்று, மாணவர்களோடு அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். என் ஆங்கிலம் அதைப் புரிந்துகொள்ளப் போதுமாக இருந்தது. கர்வமாக இருந்தது. ஏதோ நானே பரீட்சையில் தேறியதைப் போல.

அந்த வாரத்திலிருந்து மற்றக் கட்டில்களுக்கும் அவரைக் கூப்பிட்டார்கள். தம்புள்ளைக்காரர் லொறிச் சாரதி. அவர் திரும்ப ஓட்டலாமா என்று மிஸ் சோதித்துச் சொன்னார். மூலைக் கட்டிலில் தலையில் காயம்பட்ட இராணுவச் சிப்பாய் ஒருவன், யாரோடும் பேசாமல் கிடந்தான். அவன் எந்த ஊரில் காயம்பட்டான் என்பது மிஸ்ஸுக்குத் தெரியும், அது அவருடைய ஊருக்குப் பக்கம். அவர் யாழ்ப்பாணத்து இழுவையோடு சிங்களம் பேசிக்கொண்டு தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் பேசத் தொடங்கியதை நான் பார்த்தேன். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்களை வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டையில் மாத்திரைகளின் பெயர்கள் இருந்தன, டொக்டர்மாரின் கையெழுத்து இருந்தது. மிஸ்ஸின் பெயர் இல்லை. எழுதச் சொல்லிக் கேட்டேன். அப்படி எழுதும் வழக்கமில்லை என்றார் இளைய டொக்டர். டொக்டர்மார் இல்லையென்றால் என் கணவர் செத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மிஸ் இல்லையென்றால் பிழைத்த மனிதர் யட்டவத்தயிலும் நான் கோத்தகிரியிலும் இருந்திருப்போம். அதையும் வைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு மேசையும் ஒரு கதவும் ஒரு பெயர்ப் பலகையும் வேண்டும். இரண்டு வருடம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது மிஸ் வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த நாடு என்று யாருக்கும் தெரியவில்லை. மேசை இருந்த மூலையில் விரிப்புகளை அடுக்கியிருந்தார்கள்.

தொழிற்சாலைக்கு அவர் திரும்பவில்லை. ஓடும் பெல்ட்டுகளுக்கு நடுவில் ஒரு பக்கம் தெரியாதவர் நிற்க முடியாது என்று மிஸ் எழுதிக்கொடுத்ததை அவர் ஏற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆயிற்று. அந்த வருடம் கடினமானது. நான் பலாபத்வலப் பக்கம் ஒரு பாடசாலைக்கு மாற்றம் வாங்கி, யாழ்ப்பாண வீதி ஓரமாக ஒரு வாடகை வீட்டுக்கு அவரைக் கூட்டிவந்தேன். இந்தியாப் பேச்சு தானாக ஓய்ந்தது. கப்பலும் நின்றுபோயிருந்தது. நாடாவை வீட்டுக் கட்டிலில் கட்டினேன், தட்டின் இடது ஓரத்தில் சிவப்புப் பூசினேன். முதலில் கறி கிடைத்தது, பிறகு இடது கன்னம், பிறகு சட்டைக் கை. ஒரு நாள் முன்னேறி மூன்று நாள் பின்வாங்குவார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம்.

சிவப்பை எல்லாம் கழற்றி வருடங்கள் ஆகிவிட்டன. அவர் தடியூன்றி நடக்கிறார், நான் இடது பக்கம் நடக்கிறேன். பேச்சுக் கொடுத்தால் திரும்பி என்னைப் பார்த்துப் பதில் சொல்கிறார். குணமாகிவிட்டார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

போன மாதம் கடைக்குப் போக வீதியோரம் நின்றோம். வடக்கே போகும் இராணுவ வாகனங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவை முடியும் வரை நிற்க வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் இடது பக்கம் நன்றாகத் தெரிகிறது அல்லவா என்று, பேச்சுக்காகக் கேட்டேன்.

"இல்ல" என்றார். "இன்னும் அந்தப் பக்கம் ஒண்ணும் இருக்கிற மாதிரி தோணல."

எனக்குப் புரியவில்லை. "தினம் திரும்பி என்னப் பாக்குறீங்களே?"

"அங்க ஒண்ணும் இல்லன்னுதான் தலை சொல்லுது. நீ இருப்பேன்னு எனக்குத் தெரியும். அதனால திரும்புறேன்."

வாகனங்கள் போய் முடிந்தன. நாங்கள் உடனே கடக்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை முறை திரும்பியிருப்பார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நான் கூப்பிடுவதற்கும் அவர் முகம் வருவதற்கும் நடுவில் ஒரு நொடி பிந்தும். அதை நோயின் மிச்சம் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமில்லாத இடத்தை நோக்கி அவர் ஒவ்வொரு முறையும் முடிவெடுத்துத் திரும்புகிற நேரம் அது. இப்போது நான் அவரைக் கூப்பிட்டால் அந்த நொடியை அவசரப்படுத்துவதில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், அவர் வந்து சேர்கிறார்.